காய்ந்த பலகை

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பழுதான கிட்டார்களைச் சரிசெய்யும் கிட்டார் வைத்தியனின் மாமியார் அவன் கடைப் படியை மிதித்ததே இல்லை. மருமகன் பிழைப்பு நடத்தும் இடத்தில் போய் நிற்பது மரியாதை இல்லை என்பது அவர் சட்டம். அப்படிப்பட்டவர் அன்று காலை, அவன் ஷட்டரைத் தூக்கி விளக்குகூடப் போடாத நேரத்தில், போர்வையில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்க அத்தை. ஒரு போன் பண்ணியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே."

"வீட்டுல மாமா இருப்பாரு. இது அவருக்குத் தெரிய வேண்டாம்."

போர்வையைப் பிரிக்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து நீண்டு, இடுப்பு ஒடுங்கிய அந்த வடிவத்தை அவன் தூக்கத்தில் தொட்டாலும் கண்டுபிடிப்பான். மச்சினனின் கிட்டார். மச்சினன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அது மாமனார் வீட்டில், மச்சினனின் அறைச் சுவரில் மாட்டியபடியே இருந்தது. யாரும் தொட்டதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மருந்துக்கடையில் வியாதியைச் சொல்பவர்போல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சாயங்காலம் நான் நடந்துட்டு வருவேன்ல மாப்பிள்ளை. திரும்பி வரும்போது மாடிப்படியிலேயே கேக்கும். அவன் எப்பவும் வாசிப்பானே அந்தப் பாட்டு, அதேதான். மெதுவா, தடுக்கித் தடுக்கி. அவன் நிப்பாட்டுற அதே இடத்துல நின்னுடும். நான் சாவியப் போட்டா சத்தமே இருக்காது. மாமா ஹால்ல பேப்பரும் கையுமா உக்காந்திருப்பாரு. 'எதாவது கேட்டுச்சா'ன்னா, 'எனக்கு ஒண்ணும் கேக்கல'ம்பாரு. அவருக்கு எங்க கேக்கப்போகுது? அவன் உயிரோட இருந்தப்பவே அவர் காதுல ஏறல."

வைத்தியன் விளக்கைப் போட்டான்.

"இப்பக் கொஞ்ச நாளா கேக்கறதில்ல. நின்னே போச்சு. என்னடான்னு கீழ எறக்கிப் பாத்தேன். பலகையெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ஓரத்துல கைய வெச்சா கீறுது. பாவம், இதுல எப்படி வாசிப்பான்? நீங்க இத சரி பண்ணிக் குடுங்க. அவன் வரணும்."

அவன் வரணும் என்று சொன்னபோது அவர் குரல் உடையவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரவேண்டும் என்று சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் அவனைக் கலக்கியது.

பேய் பிசாசு என்றால் வைத்தியனுக்குச் சிரிப்புதான் வரும். தானாக வாசிக்கிற கிட்டார்கள் அவன் கடைக்கு வருஷத்துக்கு ஒன்றாவது வரும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினாலும் சில தந்திகள் கூடவே முனகும், திருகாணி தளர்ந்தால் டொய்ங் என்று சத்தம் வரும். அதையெல்லாம் சொல்லி அனுப்பிவிடுவான். ஆனால் ஒரு முழுப் பாட்டை, அதுவும் தடுக்கித் தடுக்கி வாசிக்கிற மோட்டாரை அவன் பார்த்ததில்லை.

மாமியார் போனதும் கிட்டாரை மேஜையில் கிடத்தி, கழுத்துக்கடியில் துணிச் சுருளை வைத்தான். கிட்டாரின் கழுத்தில் விரல் அழுத்துகிற பக்கம் ஒட்டியிருக்கும் பலகைதான் இந்தத் தொழிலில் பாதிச் சோறு. இது ஈட்டி மரம். மேலே பூச்சு கிடையாது, வாசிப்பவனின் வேர்வையும் அழுக்கும் நேராக மரத்துக்குள் இறங்கும். கவனிக்காமல் விட்டால் மரம் காய்ந்து சுருங்கும். குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் கம்பிகள் சுருங்காது. மரம் உள்வாங்க, கம்பிகளின் முனைகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். சில புண்ணியவான்கள் வீட்டில் இருக்கும் சமையல் எண்ணெயைத் தடவி எடுத்து வருவார்கள். அது சிக்குப் பிடித்து நாற ஆரம்பித்திருக்கும். "வாசிக்கத் தரணுமா, பொரிச்சுத் தரணுமா?" என்று கேட்டு அவர்களை ஒரு வழி பண்ணிவிடுவான்.

இந்தப் பலகை அந்த வகை இல்லை. இது நன்றாகக் காய்ந்துபோனது. தந்திகளைத் தளர்த்தும்போதுதான் முதலில் கவனித்தான். மூன்று வருஷத் துரு தந்திகளில் பழுப்பாய் ஏறியிருந்தது. ஆனால் தலைப்பக்கம், கம்பிகளுக்கு இடைப்பட்ட முதல் மூன்று கட்டங்களில், சில இடங்களில் மட்டும், துரு தேய்ந்து பளபளப்பாக இருந்தது. கம்பியின் அடிவாரத்தில் படியும் அழுக்கைக் குச்சியால் சுரண்டினான். பழைய அழுக்கு கல்லாகியிருக்கும், பொடிப்பொடியாக உதிரும். மேலே எல்லாம் அப்படித்தான் உதிர்ந்தது. முதல் மூன்று கட்டங்களில் மட்டும் குச்சியில் மெழுகாய் ஒட்டிக்கொண்டு வந்தது.

புது அழுக்கு. யாரோ சமீபத்தில் வாசித்திருக்கிறார்கள். கடையில் அவனைத் தவிர யாரும் இல்லை. தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடியை இழுத்து விளக்கைக் கிட்டே வைத்தான். இரண்டாவது கம்பியின் வெளிமுனையில், நீட்டிக்கொண்டிருந்த கூரில், கறுஞ்சிவப்பாக ஒரு துளி காய்ந்திருந்தது. பழைய ரத்தம் இல்லை. ஈரத்துணியால் தொட்டதும் சிவந்து கரைந்தது.

ஆவிக்கு ரத்தம் வராது. அவனுக்கு மூச்சு திரும்பியது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பிட்டபோது அவருடைய இடது ஆள்காட்டி விரலின் அடியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "என்ன மாமா, கையில?" என்றதற்கு, "டப்பா மூடி வெட்டிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கையை மேஜைக்கடியில் விட்டுக்கொண்டார். காய்ந்த பலகை வெட்டுகிற இடம் அதுதான், அந்த விரல், அந்த அடிப்பக்கம். வாரத்துக்கு ஒரு வாடிக்கையாளனாவது அந்த இடத்தில் கீறலோடு வந்து நிற்பான்.

மாமனார் ஆயுள் முழுக்க ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்த்தவர். ரேடியோவில் பாட்டு வந்தால் செய்திக்கு மாற்றுகிறவர். மகனோடு கடைசியாக அவர் பேசியது, "இந்தச் சத்தம் இனிமே இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்பதுதான். அன்று மதியமே அது பலித்துவிட்டது. அதன்பிறகு மகன் பேரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சு என்று அவர் பெற்ற மகளே, அதாவது வைத்தியனின் மனைவியே, சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மனுஷர்தான் பெண்டாட்டி நடக்கப் போகிற நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஒரு பாட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருக்கிறார். விரல் கிழிந்த பிறகு நிறுத்தியிருக்கிறார்.

வைத்தியன் பூதக்கண்ணாடியைத் தள்ளிவிட்டான். இதை மாமியாரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தான். மகன் வருகிறான் என்றிருக்கிறார். வருவது மகன் இல்லை என்று தெரிந்தால் அது அவருக்கு இரண்டாவது சாவு. அதற்கு ஒரு மருமகன் காரணமாக இருக்கக் கூடாது. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தான். வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்வோம், மாமனார் விரல் கிழியாமல் வாசிக்கட்டும், மாமியார் படியில் நின்று கேட்கட்டும்.

சின்ன அரத்தால் ஒவ்வொரு முனையாக ராவி மழுங்கடித்தான். உடம்பில் கீறல் விழாமல் காகித நாடா ஒட்டி, பழைய பல்துலக்கியால் அழுக்கை எடுத்து, மெல்லிய இரும்பு நாரை மரத்தின் ரேகை வாக்கிலேயே தேய்த்தான். தூசி துடைத்ததும் மச்சினனின் விரல்கள் வருஷக்கணக்கில் அரைத்த பள்ளங்கள் தெரிந்தன. முதல் கட்டத்திலிருந்து மேலே கடைசிவரை, குழிகுழியாக. அலமாரியில் இரண்டு எண்ணெய் இருந்தது. வாசனையில்லாத சாதா எண்ணெய் ஒன்று, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த விலை கூடினது ஒன்று. வாடிக்கையாளர்கள் திரும்ப வாங்கும்போது முதலில் மோந்துதான் பார்ப்பார்கள், வாசனை வந்தால்தான் வேலை நடந்ததாக அவர்களுக்குத் திருப்தி. மாமியார் வீட்டுக் கிட்டார் ஆயிற்றே என்று விலை கூடினதையே எடுத்தான்.

துணியில் நனைத்துத் தடவியதும் பலகை முழுக்கக் கறுத்து உயிர் வந்தது. பள்ளங்கள் மட்டும் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெயைக் குடித்துவிட்டு மறுபடி வெளுத்தன. ஒவ்வொரு வெளுப்பும் ஒரு விரல் நுனி அளவு. மறுபடி தடவினான், மறுபடி வெளுத்தன. தேய்ந்த மரம் அதிகம் குடிக்கும், அது எல்லாக் கிட்டாரிலும் உள்ளதுதான். ஆனாலும் எதிரில் யாரோ உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குடுங்க அத்தான் என்று கேட்பதுபோல் அவனுக்கு இருந்தது. கேட்டதையெல்லாம் கொடுத்தான். சாதாரணமாகப் போடுகிற அளவைத் தாண்டி எவ்வளவோ போட்டான். சாயங்காலம் மிச்சத்தைத் துடைத்தபோதும் பலகை பளபளத்துக்கொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மச்சினன் கடைசியாக உட்கார்ந்ததும் மாமியார் உட்கார்ந்த அதே ஸ்டூலில்தான். தினமும் வாசிக்கும் அந்தப் பாட்டு அவனே கட்டிக்கொண்டிருந்தது. ஒரு இடம் வரை ஓடும், அங்கே முட்டிக்கொண்டு நிற்கும், அதற்குமேல் அவனுக்கு வழி தெரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம்வரை அத்துப்படி. அன்று காலை அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, தன் கிட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டு, கடைக்கு வந்தவன், மேஜையில் கிடந்த யாரோ ஒருவருடைய கிட்டாரை எடுத்தான். "அத்தான், வழி கெடச்சிடுச்சு" என்றான். முட்டிக்கொள்ளும் இடத்தில் மேலே ஏறாமல் ஒரு மூச்சு நிறுத்தி, சட்டென்று கீழே இறங்கி, அடித்தந்தியை விரல் வைக்காமல் ஒருமுறை தட்டி, அது தானாக அடங்கும்வரை விட்டான். அவ்வளவுதான். "வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டப்போறேன், திட்டினாலும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு மழையில் வண்டியை எடுத்தான். வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த முடிவைக் கேட்ட உயிர் உலகத்தில் வைத்தியன் ஒருவன்தான். அதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை, முனகிக்கூடப் பார்த்ததில்லை. இசையை வார்த்தையில் எப்படிச் சொல்வது.

மறுநாள் மாமனார் ரேஷன் வேலையாக வெளியே போயிருந்த நேரத்தில் கிட்டாரைக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினான். அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கிட்டாருக்கு நேர்மேலே.

"இந்தக் காத்துதான் அத்தை பலகையக் காய வைக்குது. அணைச்சுடுங்க."

"அணைச்சா அவனுக்கு வேர்க்குமே" என்றார் மாமியார். "நான் வெளிய போறப்ப எப்பவும் போட்டுட்டுத்தான் போவேன். சின்னதுலேர்ந்தே அவனுக்கு வேர்வ தாங்காது."

அவன் மேற்கொண்டு பேசவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மாமனார் வந்துவிட்டார். பிளாஸ்திரியைக் காணோம், தழும்பு மட்டும் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "பாருங்க மாப்பிள்ளை. ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுது. கேட்டா பதில் கெடையாது. கரண்ட் என்ன சும்மாவா வருது?"

அன்று இரவே மாமியாரிடமிருந்து போன் வந்தது. அந்தக் குரலை அவன் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. "வந்துட்டான் மாப்பிள்ளை. இன்னிக்கு நல்லா வாசிச்சான். உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்." போனை வைத்தபின் வைத்தியனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை, வேலை முடிந்தது.

அதற்கடுத்த நாள் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். மனைவி சமையலறையிலிருந்து திரும்பியே பார்க்காமல், "வந்தாச்சா? கைய கழுவிட்டு வாங்க" என்றாள்.

"பாக்காமலே எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த ஆரஞ்சு வாசன எனக்குத் தெரியாதா? கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி அது வந்துடும். எத்தன சோப்புப் போட்டாலும் போகாது, ரெண்டு நாளைக்கு உங்க வெரல்லயே இருக்கும். உங்களுக்குத் தெரியாது. உங்க மூக்கு எப்பவோ செத்துப்போச்சு."

அவன் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனான். ஒன்றும் தெரியவில்லை. அப்படியே நின்றான். பலகையில் அத்தனை எண்ணெயை ஊற்றிவிட்டு வந்திருக்கிறான். அதை வாசிக்கிற விரல் அத்தனையும் மணக்கும். அந்த விரலோடு அவர் சாப்பிட உட்காருவார், எதிரில் மாமியார் பரிமாறுவார். இந்தத் தொழிலில் ஊறி மூக்கு செத்துப்போகாத எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

"எங்க போறீங்க? சாப்பாடு?" என்ற மனைவியின் குரல் படியில் அவன் பின்னால் வந்தது.

மாமனார் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி திரும்பும்போதே சத்தம் கேட்டது. நிஜமாகவே மெதுவாக, தடுக்கித் தடுக்கி, அந்தப் பாட்டு. மேல்படியில் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். அவன் இரண்டு படி கீழே உட்கார்ந்தான்.

"நேத்து ராத்திரி தட்ட நீட்டினாரு" என்றார் மெதுவாக. "கையில நீங்க பூசின வாசன."

"அத்தை..."

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பரவால்ல. அந்த மனுஷன் மனசுலயும் ஏதோ இருக்குன்னு இப்பவாவது தெரிஞ்சுதே. நான்தான் பைத்தியக்காரி. ஆளில்லாத ரூம்ல ஃபேன் போட்டுக்கிட்டு இருந்தேன்." பையின் காதை நீவிவிட்டார். "இன்னிக்குப் போடல. அணைச்சுட்டேன்."

உள்ளே பாட்டு அந்த இடத்துக்கு வந்து முட்டிக்கொண்டது. மாமியார் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார், இனி நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

நிற்கவில்லை. ஒரு மூச்சு நேரம் இடைவெளி. பிறகு அந்தத் தடுக்கல் இல்லாமல், சட்டென்று, சுரம் கீழே இறங்கியது. அடித்தந்தி ஒருமுறை தட்டப்பட்டு, யாரும் தொடாமல், தானாக அடங்கும்வரை ஒலித்தது.

வைத்தியனின் கை கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டது. உடம்பில் ஒரு மயிர்கூடப் படுத்திருக்கவில்லை.

"அத்தை. இது அவன்தான்."

"விடுங்க மாப்பிள்ளை."

"இல்ல, கேளுங்க. இந்த முடிவு மாமாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அன்னிக்கு எங்கிட்ட மட்டும்தான் வாசிச்சான். கடையில. அப்புறம்தான் கெளம்பினான். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சத்தியமாச் சொல்றேன் அத்தை, இது அவன்."

மாமியார் அவனை நின்று பார்த்தார். கண் நிறைந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் நம்பிக்கை இல்லை, பிரியம் மட்டும்தான் இருந்தது. "உங்கள மாதிரி ஒரு மாப்பிள்ளை கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். "எனக்காகப் பொய்ச் சத்தியம்கூடப் பண்றீங்க. உள்ள வாங்க, டீ போடறேன்."

அவர் சாவியைப் போட்டார். பேய் இல்லை என்று இத்தனை வருஷம் சொல்லித் திரிந்தவன் வாயிலிருந்து முதல்முறையாக வந்த உண்மை, ஆறுதல் என்று மதிக்கப்பட்டு அந்தப் படியிலேயே கிடந்தது. ஹாலில் மாமனார் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது. பேப்பர் தலைகீழாக இல்லை, அந்த அளவுக்கு அவர் கெட்டிக்காரர்தான். மாமியார் அவரைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

வைத்தியன் மச்சினன் அறைக்குள் போனான். புழுக்கமாக இருந்தது. கிட்டார் ஆணியில் இருந்தது. அடித்தந்தியின் மேல் விரலை வைத்தான். இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பலகையில் அந்த வெளுத்த பள்ளங்கள் எல்லாம் கறுத்து நிறைந்திருந்தன. தாகம் அடங்கிவிட்டது போலிருந்தது.

சுவிட்சைப் போட்டான். மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. இந்தக் காற்றில் பலகை மறுபடி காயும். காயட்டும். கடையில் எண்ணெய் இருக்கிறது, அவனுக்குக் கையும் இருக்கிறது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் நிலைப்படியில் நின்றார். கரண்டைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று வைத்தியன் நினைத்தான். அவர் விசிறியை அண்ணாந்து பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், தன் இடதுகையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு நம்பர் கூட்டி வைங்க மாப்பிள்ளை" என்றார். "அவனுக்கு வேர்க்கும்."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.